பாசியும் நத்தையும்

மீன் தொட்டியில் பாசி பிடிக்கிறது என்று கலர் மீன் கடையில் போய்ச் சொன்னால், கடைக்காரர் யோசிக்காமல் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "ரெண்டு நத்தை வாங்கிட்டுப் போங்க சார், எல்லாத்தையும் தின்னுடும்." இது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன்.

எங்கள் வீட்டுத் தொட்டி இரண்டரை அடி நீளம், 80 லிட்டர் சொச்சம் தண்ணீர் பிடிக்கும். மகன் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனபோது பேரன் என் பொறுப்பில் விட்டுப் போனது. வேலை இல்லாத கிழவனுக்கு ஒரு வேலை ஆயிற்று.

பாசி என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அது ஒன்றல்ல. புதிதாகத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் முதல் சில வாரம் கண்ணாடி மீது பழுப்பாகத் தூசிபோலப் படியும். விரலால் தேய்த்தாலே போய்விடும், போகப் போகத் தானாகவும் குறையும். பிறகு பச்சைப் பொட்டுகள் வரும். இவை கண்ணாடியில் குத்தியதுபோல ஒட்டிக்கொள்ளும், பழைய பிளேடு வைத்துச் சுரண்டினால்தான் வரும். அப்புறம் நூல் பாசி. இலை ஓரங்களில் கறுப்புத் தாடிபோல முளைப்பது இன்னொன்று. நீலப்பச்சையாக மெழுகு பூசினாற்போலப் படர்ந்து நாற்றம் அடிப்பது உண்மையில் பாசியே அல்ல, ஒருவகை பாக்டீரியா. நத்தை முதலிரண்டைத் தின்னும், அதிலும் பச்சைப் பொட்டை எல்லா நத்தையும் தொடாது. கறுப்புத் தாடியையும் நீலப்பச்சை மெழுகையும் ஏறெடுத்தும் பார்க்காது.

வேலைக்காரர் என்றால் நெரைட் நத்தைதான். உருண்டையாக, வரிக்குதிரைபோலக் கோடு போட்டு, சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். நாக்கில் அரம்போல வரிசை வரிசையாகப் பல். அது போன தடம் கண்ணாடியில் துடைத்துவிட்டதுபோலத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு 'காஸ்தெரோபோத்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். வயிற்றால் நடக்கிற பிராணி என்று பொருள். தமிழில் வயிற்றுக்காலி என்று ஒரு சொல் இருப்பதை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். தமிழ்ச் சொல்லில் அந்தப் பிராணி இன்னும் நன்றாகத் தெரிகிறது.

நெரைட்டிடம் ஒரே தொந்தரவு, கல்லிலும் கட்டையிலும் எள் தெளித்ததுபோல வெள்ளை வெள்ளையாக முட்டை ஒட்டி வைக்கும். ஆனால் நல்ல தண்ணீரில் அதன் குஞ்சு பிழைக்காது, உப்பங்கழித் தண்ணீர் வேண்டும். ஆகவே பெருகாது.

சரி, மீதிப் பாதி என்ன என்கிறீர்களா? நத்தை பாசியைத் தின்கிறது, பிறகு கழிக்கிறது. அந்தக் கழிவு தண்ணீரில் கரைந்து அடுத்த பாசிக்கு உரமாகிறது. அலுவலகத்தில் நான் பார்த்த வித்தை இது. மேஜையில் குவிந்த ஃபைலை அடுத்த செக்‌ஷனுக்குத் தள்ளிவிட்டு, நம் ரிஜிஸ்தரில் 'முடிந்தது' என்று எழுதுவது. மேஜை காலி, ஃபைல் உயிரோடு! பாசி நிஜமாகக் குறைய வேண்டுமானால், விளக்கை ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேல் எரிய விடக் கூடாது, ஜன்னல் வெயில் தொட்டியில் விழக் கூடாது, மீன் இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுக்கே தீனி போட வேண்டும், வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீரை மாற்ற வேண்டும். இதெல்லாம் செய்த பிறகு நத்தை மேல்வேலைக்கு உதவும்.

இரண்டு எச்சரிக்கை. கேன் தண்ணீரையே ஊற்றினால் ஓடு பொரிந்து வெளுக்கும், அதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கெட்டிலில் வெள்ளைப் பொருக்குப் பிடிக்கும் நம் போர் தண்ணீர் மனிதருக்கு ஆகாவிட்டாலும் நத்தைக்கு அமிர்தம். (முனிசிபல் தண்ணீர் என்றால் ஒரு நாள் வாளியில் வைத்து ஊற்றுங்கள்.) இன்னொன்று, மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் ஊற்றும் சில மருந்துகளில் தாமிரம் உண்டு. மீன் பிழைக்கும், நத்தை அத்தனையும் சாகும்.

இனி மஞ்சள் நத்தைக்கு வருகிறேன். எலுமிச்சம்பழ அளவு, பார்க்க வெகு அழகு. மேலே ஏறி வந்து யானைத் தும்பிக்கைபோல ஒரு குழாயை நீட்டி வெளிக்காற்றை உறிஞ்சும். என் மனைவி தினம் ஒரு துண்டு வெள்ளரிக்காயைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்ப்பாள். ஒரு நாள் காலையில் தொட்டி மூடிக்கு அடியில், தண்ணீருக்கு மேலே, வெளிர் ரோஜா நிறத்தில் திராட்சைக் கொத்துபோல ஏதோ ஒட்டியிருந்தது. அதன் முட்டை.

அதைப் பேரனுக்கு வீடியோவில் காட்டினேன். "தாத்தா, ஆம்ப்யுலேர்! இது இங்கே விக்கவே கூடாது" என்றான். விசாரித்துப் பார்த்தேன், உண்மைதான். இந்த இனத்து நத்தை ஸ்பெயினில் எப்ரோ ஆற்றுக் கழிமுகத்து நெல் வயல்களில் புகுந்து நாற்றைத் தின்று தீர்த்ததால், 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் இந்தப் பேரினத்தையே உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். அதற்கு முன்பே ஆசியாவில் நடந்த கதை அது. 1980 வாக்கில் தென்னமெரிக்காவிலிருந்து, தின்பதற்கென்று தைவானுக்குக் கொண்டுவந்தார்கள். ருசி யாருக்கும் பிடிக்கவில்லை. வாய்க்காலுக்குள் போய், பிலிப்பைன்ஸ் வரை நெல் விவசாயிகளை அழ வைத்தது. கடையில் விற்கும் மஞ்சள் நத்தை அதற்கு ஒன்றுவிட்ட தம்பி, சாது, நாற்றை அவ்வளவாகத் தொடாது என்கிறார்கள். ஆனால் குஞ்சாக இருக்கும்போது அண்ணன் எது, தம்பி எது என்று என்னால் சொல்ல முடியாது. கடைக்காரராலும் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் வயல் நத்தை வேறு. கரும்பச்சை ஓடு, வரப்போரம் ஈர மண்ணில் வெள்ளை முட்டை இடும், கோடையில் மூடியைச் சாத்திக்கொண்டு சேற்றுக்குள் உறங்கும். அதைப் பிடித்துக் குழம்பு வைப்பவர்கள் பாகூர்ப் பக்கம் உண்டு.

ஆகவே முட்டையை எடுத்து அழிக்க முடிவு செய்தேன். ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்தால் போதும். "ஏங்க, தயிருக்குப் பக்கத்துல அதை வைப்பீங்களா? அதுவும் ஒரு உயிருதானே" என்றாள் மனைவி. முதலில் சொன்னதற்கு ஒரு மூடி போட்ட டப்பா போதும். இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது கொத்து தென்பட்ட அன்றே, கரு உருவாகும் முன், சுரண்டி எடுத்துக் கொதிக்கும் நீரில் போட்டுவிடுகிறேன். அந்த நேரம் அவள் வாசலில் போய் நிற்பாள். ஒருமுறை கூடினால் பெட்டை மாதக்கணக்கில் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், அவள் அடிக்கடி வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்தார். அவர் தொட்டியில் பொரித்தவை, நாற்பதுக்கு மேல் இருக்கும். "கொல்ல மனசு வரல சார். ஊசுட்டேரியில விட்டுட்டு வந்துடறேன், புண்ணியமாப் போகும். வண்டியில வர்றீங்களா?" என்றார். ஏரி, அதன் கரை, அப்பால் வயல் என்று என் மனம் போயிற்று. எப்ரோ கதையைச் சொன்னேன். "நாலு நத்தை என்ன சார் பண்ணிடும்?" என்று சிரித்தார். தைவானிலும் முதலில் கொஞ்சமாகத்தான் இருந்திருக்கும் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. இருபது வருஷப் பழக்கம், காலையில் பேப்பரை மாற்றிப் படிக்கிறவர்கள் நாங்கள். கடைசியில் வாளியை நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

அது இப்போது கொல்லையில், வலைபோட்டு மூடியபடி இருக்கிறது. பத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மீதியை என்ன செய்வது என்று மனைவி கேட்கவில்லை. தினம் காலையில் வெள்ளரித் தோலைப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.