கடைக்கு இடம் பார்க்கிறவர்

காலை ஐந்தே முக்காலுக்கு மதுரை அண்ணா நகர் எண்பதடி ரோட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். நான் போனபோது, பூட்டிக் கிடந்த ஒரு ஷட்டருக்கு எதிரே பைக்கை நிறுத்திவிட்டு, கையில் சின்ன நோட்டோடு நின்றிருந்தார். வளர்ந்துவரும் ஒரு ஃபில்டர் காப்பி நிறுவனத்துக்கு மதுரை வட்டாரத்தில் கடை பிடித்துக் கொடுப்பது அவர் வேலை. தன் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம் என்ற ஒரே நிபந்தனையோடு என்னைக் கூட்டிப் போக ஒத்துக்கொண்டார்.

நோட்டில் கோடுகள். நடந்து போகிறவர்கள் ஒரு வரிசை, பைக்கில் போகிறவர்கள் ஒரு வரிசை. “போற கூட்டம் வேற, நிக்கிற கூட்டம் வேறண்ணே. வாக்கிங் போறப்ப யாரும் காப்பி குடிக்க மாட்டாங்க. முடிச்சுட்டு வீட்டுக்குத் திரும்புற பக்கம் எதுன்னு பாக்கணும். கடை அந்தப் பக்கம் இருக்கணும்.” ஒரு மணி நேரம் நின்றோம். இதே இடத்துக்கு மத்தியானமும் ராத்திரியும் வருவார். ஞாயிற்றுக்கிழமை தனியாக ஒருமுறை. நான் பலமுறை கடந்துபோன ரோடு அது. யார் எந்தப் பக்கமாகத் திரும்புகிறார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் சொந்த ஊர் வத்தலக்குண்டு பக்கம். கீழ்ப்பழனி மலைக் காப்பி இறங்கி வரும் வட்டாரம். அங்கே காப்பி வணிகத்துக்குப் பேர்போன பட்டிவீரன்பட்டியில் பிறந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயரைத்தான் சென்னையின் பாண்டி பஜார் தாங்கி நிற்கிறது. நான் இதைச் சொன்னதும் அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

அடுத்து புது நத்தம் ரோடு. 2023 ஏப்ரலில் திறந்த 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலம் தலைக்கு மேல் ஓடுகிறது. மேலே போகிற வண்டிக்காரருக்குக் கீழே இருக்கும் கடை கண்ணில் படாது. பாலம் வந்ததும் இந்த ரோட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாராம். அதே ஆண்டு ஜூலையில் இதே ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையில் வந்து சாயங்காலம்வரை இருக்கிறார்கள். “மேல போனதை மறந்துட்டு, கீழ நடக்குறவங்கள எண்ண ஆரம்பிச்சேன்” என்றார்.

அங்கே பார்த்த ஒரு கடை எனக்குப் பிடித்திருந்தது. அவர் வேண்டாம் என்றார். மேற்கு பார்த்த முகப்பு. மதுரை வெயிலில் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை அங்கே யாரும் உட்கார முடியாது; காப்பி விற்கிற நேரமோ அதுதான். பிறகு குழாயைத் திறந்து போர் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார். உப்பு. உப்புத் தண்ணீரில் டிகாஷன் சரியாக இறங்காது; மெஷினுக்குள் சுண்ணாம்பு படியும். நல்ல தண்ணீருக்கு வழி இல்லாத இடத்தை வாடகை குறைவென்று எடுப்பதில்லை என்றார்.

வாடகைக்கும் ஒரு கணக்கு உண்டு. விற்பனையில் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போனால் கடை நிற்காது. வாடகை 60,000 ரூபாய் என்றால் மாதம் நாலு லட்சத்துக்கு விற்க வேண்டும். இருபது ரூபாய் காப்பியாக மட்டும் விற்றால் ஒரு நாளைக்கு 660-க்கு மேல். காலையில் போட்ட கோடுகளெல்லாம் இந்த எண்ணைத் தேடித்தான்.

மத்தியானம் மாசி வீதிகளுக்குள் போனோம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டிடம் எழுப்பக் கூடாது. கோபுரத்துக்கு அந்த மரியாதை வேண்டியதுதான். மேலே கட்ட முடியாத ஊரில் தரைத்தளத்தின் கிராக்கியும் அதனால் ஏறிவிடுகிறது. வெளி வீதிப் பக்கம் நடக்கையில் 1840களின் கதையைச் சொன்னார். கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். தூர்த்தவர்களுக்கே அந்த மனையைக் கொடுத்தார் என்பார்கள். அந்த வேலையைப் பார்த்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றைக்கும் வீதிப் பெயர்களாக இருக்கிறார்கள்.

அங்கே ஒரு முனைக்கடை. உரிமையாளர் ஆர்வமாகத்தான் பேசினார்: “பாத்திரக்கடைக்காரர் இருக்காரு. நீங்க சரின்னா ரெண்டு மாசத்துல காலி பண்ணிடுவேன்.” என்னைக் கூட்டிவந்தவர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். ஆள் உட்கார்ந்திருக்கும் கடையைத் தொடுவதில்லையாம். வழக்கு வரும் என்பது நிறுவனத்துக்குச் சொல்லும் காரணம். “பத்திருபது வருசமா வாடகை கொடுத்தவர எழுப்பிட்டு அங்க காப்பி ஊத்துனா ருசிக்காதுண்ணே” என்பது என்னிடம் சொன்னது. இப்படிப் பார்க்கிறவர்கள் இந்தத் தொழிலில் எல்லோரும் இல்லை. பெரிய கடை வந்ததும் அந்த வரிசை முழுக்க வாடகை ஏறி, தையல்காரரும் இஸ்திரிக்காரரும் தெருவை விட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் கே.கே. நகரில் ஒரு வீடு. முன்பக்கத்தைக் கடைக்கு விட நினைக்கும் அறுபது வயதைத் தாண்டிய அம்மா. கிரைண்டர் சத்தம், கழிவுநீர், த்ரீ பேஸ் மின் இணைப்பு எல்லாம் பேசி முடிந்தது. அட்வான்ஸ் பத்து மாத வாடகை கேட்டார். ஊர் வழக்கம் அதுதான். 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றும் சொல்கிறது. பதினோரு மாதத் தாளில் கையெழுத்துப் போட்டே பழகிய ஊருக்கு இது இன்னும் போய்ச் சேரவில்லை.

பத்திரம் ஆங்கிலத்தில், இருபது பக்கத்துக்கு மேல். அவர் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு விதியாகத் தமிழில் சொன்னார். நிறுவனம் மூன்று மாத அறிவிப்புக் கொடுத்துக் காலி செய்யலாம். ஒன்பது வருஷத்துக்கு வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லக் கூடாது என்ற இடம் வந்தது. அந்த அம்மா நிமிர்ந்தார். “நீங்க நெனச்சா போகலாம். நான் மட்டும் சொல்லக் கூடாதாப்பா?”

அவர் சமாளிக்கவில்லை. “ஆமாம்மா, அப்படித்தான் எழுதிருக்கு. உள்வேலைக்கு நாங்க பணம் போடுறோம்னு அந்த விதி. ஆனா மொத மூணு வருசம் நாங்களும் காலி பண்ண மாட்டோம்னு எழுதித் தரக் கேக்குறேன்.” அங்கேயே அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார். வெளியே வந்ததும், நிறுவனத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு ஏன் இப்படி என்று கேட்டேன். “நாளைக்கும் நான் இந்தத் தெருவுல நடக்கணும்ல” என்றார்.

இரண்டு வாரம் கழித்து அந்த மூன்று வருஷம் பத்திரத்தில் ஏறியதாகச் சொன்னார். ஆனால் எல்லாத் திண்ணையிலும் இவர் உட்கார்ந்திருக்க மாட்டார். வீட்டு முன்பக்கத்தைக் கடைக்கு விட நினைக்கிறவர்களே, பத்திரத்தைத் தமிழில் கேளுங்கள். தமிழ்நாட்டில் கடை திறக்கும் நிறுவனங்களே, கேட்பதற்கு முன்பே கொடுங்கள்.