மணலில் எழுதின ‘ட’

பேத்திக்கு விஜயதசமியில ஏடு தொடக்கி அரிசியில ‘அ’ எழுதுவிச்சாச்சு. அடுத்த நாளே கொப்பி, பென்சில் குடுக்க மகளுக்கு அவசரம். நான்தான் மறிச்சுப்போட்டன். மூண்டு வயசு விரல் பென்சிலோட மல்லுக்கட்டும், மணலோட கட்டாது.

கரவெட்டியில மணலுக்கு என்ன பஞ்சம்? தாம்பாளத்தில பரப்பிவிட்டன். அரிச்சுவடி அகரத்தில தொடங்கட்டும். கைக்கு லேசு ‘ட’தான். இரண்டு ஈர்க்கு போதும், ‘ப’வுக்கு மூண்டு. வளைவான எழுத்துக்குப் புளியங்கொட்டை அடுக்கிறாள்.

1939இல் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மொண்டிசோரி, 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுத்தவர். சொரசொரப்பான தாளில வெட்டின எழுத்தைப் பிள்ளை விரலால தடவிப் பழகிறது அவரின்ர முறை. எங்கட திண்ணைப் பள்ளிக்கூடங்களில அதுக்கு முந்தியே மணலிலதான் விரல் ஓடினது. (இதைச் சொன்னா மகள் சிரிக்கிறாள்.)

247 எழுத்தெண்டு பயப்பிடத் தேவையில்லை. மட்டையில மெய்யெழுத்து உருவங்களையும் கொம்பையும் தனித்தனியா வெட்டி வச்சிருக்கிறன். ‘க’வுக்கு முன்னால கொம்பு வச்சா ‘கெ’, ‘ப’வுக்கு வச்சா ‘பெ’. உகர வரிசைதான் சொல்லுக் கேக்குதில்லை: கு, சு, து, ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு வால். முன்பள்ளி ரீச்சர்மார் ஆரும் இதுக்கு விளையாட்டு வச்சிருந்தா சொல்லுங்கோ.