ஊதலும் சொல்லும்

வாய் என்னும் சிறு கருவியின் அருமையை, அது செவ்வனே தொழிற்படுங்காறும் நாம் உணர்வதில்லை. தொல்காப்பியனார் எழுத்ததிகாரத்துள் பிறப்பியல் என ஓர் இயலையே வகுத்து, நாவும் இதழும் பல்லும் அண்ணமும் பொருந்தும் வகையால் எழுத்துகள் பிறக்குமாற்றை விளக்கினார். கல்லூரியில் அவ்வியலைப் பரீட்சையின்பொருட்டு நெட்டுருச் செய்தோம். ஆயினும், இதழ் இரண்டும் கூடினாலன்றிப் பகரமும் மகரமும் பிறவா என்பதை எமக்கு மெய்யாகவே கற்பித்தவன் எம் தமக்கையாரின் மைந்தனே.

எமது ஊர் பூவராகப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலத்தை அடுத்தது. ஆங்கு எம் இல்லத்தில் வளர்ந்த அக்குழந்தை, கையில் ஏந்துங்கால் ஈரத்துணிபோல் துவள்வான். பால் பருகுவதற்குள் களைத்துவிடுவான். இதழ்கள் எந்நேரமும் திறந்திருக்கும். உமிழ்நீர் மார்பை நனைக்கும். மூன்றாண்டு நிரம்பியும் 'அம்மா' என்றிலன். உறவினர் சிலர் இரங்கினர். சிலர் எம் தமக்கையாரின் செவிபடவே ஊழ்வினையைப் பேசினர்.

ஓய்ந்திருக்கும்போதும் தசைகள் இயல்பாகக் கொண்டிருக்கவேண்டிய இறுக்கம் இவனுக்குக் குறைவு என்றனர் மருத்துவர். இத்தசைத்தளர்வு தனியொரு நோயன்று. பல காரணங்களால் தோன்றும் ஓர் அறிகுறி. எம் பிள்ளைக்குக் காரணம் டவுண் நிலை. 1866-ஆம் ஆண்டில் ஜான் லாங்டன் டவுண் என்னும் ஆங்கில மருத்துவர் இதனை விவரித்தார். 21-ஆம் குரோமோசோம் ஒன்று மிகுந்திருப்பதே இதன் அடிப்படை என்பது 1959-இல் பிரான்சு நாட்டில் வெளியிடப்பட்டது. ஊழ்வினை பேசியோர்க்கு இவ்விரண்டு ஆண்டுகளையும் எடுத்துரைத்தோம், பெரும்பயன் விளைந்திலது.

ஊதல் ஊதினால் வாய் வலுக்கும், வாய் வலுத்தால் பேச்சு வரும் என்று எவரோ கூறக் கேட்டோம். உடனே ஓர் ஊதலை வாங்கினோம். காலையில் பத்துமுறை, மாலையில் பத்துமுறை எனக் கணக்கிட்டுக் குறிப்பேட்டில் பதிந்தோம். திங்கள் இரண்டு கழிந்தன. குறிப்பேடு நிறைந்தது, சொல் ஒன்றும் பிறந்திலது. அதுவுமன்றி, எந்நேரமும் திறந்துகிடந்த அவ்விதழ்கள் எம் கையில் ஊதலைக் கண்டமாத்திரத்தே இறுக மூடிக்கொண்டன! பயிற்சி பலித்தது என்பதா, பிள்ளை எம்மை வெறுத்தான் என்பதா?

அந்நாளில் பேச்சுப் பயிற்சியில் வல்ல அம்மையார் ஒருவரை அடைந்தோம். எம் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தவர் புன்னகைத்து, "ஐயா, நீங்கள் பாடம் நடத்துகிறீர்கள், பிள்ளையோ விளையாட வந்திருக்கிறான்" என்றார். ஊதுவதால் மட்டும் சொல் வந்துவிடாது என்றும், சொல் சொல்லாலேயே வளரும் என்றும் அறிவுறுத்தினார். பின்னர் யாம் படித்தறிந்ததும் அதுவே. இத்தகைய வாய்ப்பயிற்சிகளால் பேச்சு திருந்தும் என்பதற்குப் போதிய சான்றில்லை என, அமெரிக்கப் பேச்சியல் ஆய்விதழ் ஒன்றில் 2009-இல் வெளியான தொகுப்பாய்வு கூறுகின்றது. அங்ஙனமாயின் விளையாட்டு எற்றுக்கு? உண்ணவும் பருகவும் இதழும் நாவும் பழகுவதற்கும், எல்லாவற்றினும் மேலாகப் பிள்ளை நம் முகத்தை விரும்பி நோக்குவதற்குமாம்.

முதற்கண் அவர் திருத்தியது வாயையன்று, இருக்கையை. பாதம் பலகையில் பதியவும் முதுகு சாயாது நிற்கவும் அமர்த்தினார். விருத்தாசலத்துப் பக்கத்தே மட்கலம் வனைவோரை இளமையில் வேடிக்கை பார்த்திருக்கிறோம். களிமண்ணின் அடி சக்கரத்தில் நிலைத்த பின்னரே குயவர் கலத்தின் வாயை விரிப்பர். உடல் நிலைத்தாலன்றி வாய் தொழிற்படாது என்னும் உண்மை அக்காட்சியில் இருந்தும் அந்நாளில் யாம் கண்டிலோம்.

பின்னர் எம் இல்லம் விளையாட்டுக்களமாயிற்று. தாம்பாளத்து நீரில் காகிதப் படகை மிதக்கவிட்டு, "படகே, போ!" என்று ஊதுவோம். சோப்பு நீரில் குமிழிவிட்டு, அது வெடிக்குந்தோறும் "பட்!" என்போம். பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பீ செய்வோம். கண்ணாடிமுன் அமர்ந்து, கடைவாயில் தடவிய வெல்லப்பாகை நாவால் துழாவுவோம். கன்னத்தை உப்பவைத்து விரலால் குத்துவோம். நாவைச் சொடுக்கிக் குதிரைக் குளம்பொலி எழுப்புவோம். எம் அன்னையார் குலவையிட, பெயரன் அவர் நாவையே வியந்து நோக்கியிருப்பான். களைத்தானாயின் அக்கணமே நிறுத்துவோம். பலூனும் வேர்க்கடலையும் மூச்சுக்குழலை அடைக்கக்கூடும் ஆதலின் அவற்றை விலக்கினோம். உறிஞ்சுகுழலால் எதனை, எவ்வளவு பருகலாம் என்பதை அவ்வம்மையாரைக் கேட்டே செய்தோம். விழுங்குங்கால் இருமும் பிள்ளைக்கு இவ்வெச்சரிக்கை இன்றியமையாதது.

மாசிமகத்தின்பொருட்டுப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குப் புறப்பட்டருளிய நாளில், பிள்ளையைத் தோள்மேல் ஏற்றிக் கடைவீதியில் நின்றோம். பொம்மைக் கடையில் தொங்கிய ஊதலைக் கண்டான். அழுவானோ என்று அஞ்சினோம். கை நீட்டிக் கேட்டான்! வாங்கிக் கொடுத்தோம். தான் ஊதாது அதனை எம் வாயில் திணித்து, இதழ் இரண்டையும் மெல்லக் கூட்டி, "மா... மா... பூ!" என்றான். அன்று மூச்சிரைக்க யாம் எத்துணைமுறை ஊதினோம் என்பது எக்குறிப்பேட்டிலும் பதியப்படவில்லை.

அச்சொல் ஊதலின் பயன் என்று யாம் உரையோம். ஓராண்டாக எம் வீட்டார் அவனோடு விளையாடிக்கொண்டே பேசியிருந்தனர் என்பதுமட்டும் மெய். நண்பர்காள், நும்முள் பலர் நாளை ஆசிரியராவீர், சிலர் மருத்துவராவீர். இத்தகைய குழவியைக் காணின் காலந்தாழ்த்தாது அரசினரின் தொடக்கநிலைச் சிகிச்சை மையத்திற்கு வழிகாட்டுமின். சிறார் உடல்நலத்தின்பொருட்டு 2013-இல் தொடங்கப்பெற்ற தேசியத் திட்டம் மாவட்டந்தோறும் அத்தகைய மையங்களை வகுத்துள்ளது. பெற்றோரிடம் வினையைப் பேசாதீர். பிள்ளையின் எதிரே தரையில் அமர்ந்து ஒரு காகிதப் படகு செய்மின்.