கழுத்தைத் தொடும் வார்

டெக்சாஸ் மாநிலப் பங்கொன்றில் பணியாற்றிய ஆண்டில், என் ஐம்பத்து நான்காம் வயதில், குதிரையேற்றம் பழகினேன். மாட்டுப்பண்ணை முதியவர் ஒருவர் கற்றுத் தந்தார். அங்கே கடிவாள வார்கள் இரண்டையும் ஒரே கையில் பிடிப்பர். கயிறு வீசி மாட்டை மடக்க மறுகை வேண்டும். இடப்புறம் திரும்ப, வலப்புற வார் குதிரையின் கழுத்தை மெல்லத் தொட்டால் போதும். தொடுகையை விட்டு அது விலகித் திரும்பும்.

இதைக் குதிரைக்குப் பழக்கும்போது இரு கைகளும் வேண்டும். முதலில் கழுத்தைத் தொட வேண்டும். உணராவிடில் மட்டுமே திரும்பும் பக்கத்து வாரைச் சற்றே இழுக்கலாம். திரும்பியதும் இரண்டையும் தளர்த்திவிட வேண்டும். அத்தளர்வே அதற்குப் பாராட்டு. நாளடைவில் இழுப்பே தேவைப்படாது.

நானோ பொறுமையிழந்து கழுத்தின்மேல் வாரை அழுத்தி இழுத்தேன். குதிரை முகத்தை எதிர்ப்புறம் திருப்பி நின்றது. “அதற்குக் காது கேட்கிறது, ஃபாதர், நீங்கள்தான் கத்துகிறீர்கள்” என்றார் முதியவர்.

ஊரில் என் பங்கின் பாடற்குழு இளைஞன் ஒருவன் நினைவுக்கு வந்தான். தாமதமாக வந்ததற்காக அனைவர் முன்னும் அவனைக் கடிந்தேன். நேரத்துக்கு வரத் தொடங்கிய பின்னும் முகங்கொடுத்துப் பேசவில்லை. அவன் கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். திரும்பியவனுக்கு நான் வாரைத் தளர்த்தவேயில்லை.

அன்றிரவே அவனுக்குக் கடிதம் எழுதினேன்.