காமாலை என்று சொன்னேன்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது 'மாணவர் சக்தி' பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு வருடமாக நெஞ்சில் கிடக்கும் ஒரு பொய்யை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். அம்மா ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். விடியும் முன்பே ஜீப் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, கேரளாப் பக்கத்துத் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். அப்பா ஏலக்காய் மூட்டை தூக்குகிறார். எங்கள் வம்சத்திலேயே பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான்.

என் தங்கைக்குப் பதின்மூன்று வயதில் கை கழுவும் பழக்கம் ஆரம்பித்தது. பழக்கம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். பிறகு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று நீண்டது. தோல் வெடித்து ரத்தம் கசிந்தாலும், "இன்னும் அழுக்குப் போகலண்ணே" என்பாள். குடத்துத் தண்ணீரெல்லாம் தீர்ந்து போகும். அம்மா அடித்தார். அடித்துவிட்டு அவரே உட்கார்ந்து அழுதார். பள்ளிக்கூடம் நின்றது. கோடாங்கி உடுக்கடித்து, "காத்துக் கருப்பு" என்றார். உறவுக்காரர் ஒருவர், "ஏர்வாடியில கொண்டு போயி விட்ருங்க, கட்டிப் போட்டா சரியாயிரும்" என்றார்.

எனக்குக் குலை நடுங்கியது. ஏர்வாடியில் நடந்ததை நான் நூலகத்தில் படித்திருந்தேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. "பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்று அடம்பிடித்தேன். படித்தவன் பேச்சு எங்கள் வீட்டில் எடுபட்டது அன்றுதான் முதல் தடவை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். இதற்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயராம். 'அழுக்கு' என்ற எண்ணம் தானாக வந்து பயமுறுத்தும். கழுவினால் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிக்காகவே மனசு மறுபடியும் கழுவச் சொல்லும். மாத்திரையோடு, கழுவாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுத்திருக்கும் பயிற்சியும் வேண்டும். "பேயும் இல்ல, திமிரும் இல்லம்மா" என்றார். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ரெக்கார்டு நோட்டு வாங்க நண்பர்கள் வீட்டுக்கு வந்தார்கள். "தங்கச்சி ஏன்டா ஸ்கூலுக்குப் போகல?" என்று கேட்டார்கள்.

"மஞ்சக் காமாலைடா" என்றேன்.

ராத்திரி அவள் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, காமாலைன்னா எல்லாரும் பாக்க வருவாங்கள்ல? எனக்கு அதே வந்திருக்கலாம்ல?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை, நண்பர்களே!

ஒரு வருடத்தில் நோய் பெருமளவு குறைந்தது. மறுபடியும் பள்ளிக்கூடம் போனாள். ஆனால் பக்கத்தில் உட்கார யாரும் இல்லை. தெருவில் விளையாடக் கூப்பிட ஆள் இல்லை. வாழ்க்கைத் தரத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் உடல், மனம், உறவு, சுற்றுப்புறம் என்று நான்கு பகுதிகளைப் பார்க்கிறது. நம் லேபில் வோல்டேஜ் மட்டும் சரியாக இருந்தால் மோட்டார் ஓடிவிடுமா? சர்க்யூட் முழுசாக இருக்க வேண்டாமா? மாத்திரை மனசைச் சரி செய்தது. உறவையும் சுற்றுப்புறத்தையும் சரி செய்ய வேண்டியது நானும் நீங்களும் அல்லவா?

2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகக் கண்டது. அறுபது பேர் படிக்கும் வகுப்பென்றால் நாலு பேர்! அந்த நாலு பேரும் என்ன 'காமாலை' சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ...

போன மாதம் நண்பர்களிடம் உண்மையைச் சொன்னேன். சிரிப்பார்கள் என்று பயந்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும் கடைசி வரை பஸ் ஸ்டாண்டிலேயே நின்றான். "எனக்கும் ஆறு மாசமாத் தூக்கம் இல்லடா, செத்துரலாமான்னு வருது" என்றான். மறுநாள் அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் பொய் இன்னும் ஒரு மாதம் நீடித்திருந்தால்...? நினைக்கவே பயமாக இருக்கிறது.

நண்பர்களே, 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். அதைவிட முக்கியம், பக்கத்து பெஞ்சுக்காரனை ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதை எழுதலாமா என்று தங்கையிடம் கேட்டேன்.

"எழுதுண்ணே. காமாலைன்னு மட்டும் எழுதிராத" என்றாள்.

— மூன்றாமாண்டு மாணவன்,
மின்னியல் துறை