யார் அந்தப் பொதுமக்கள்?

சட்ட ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதப்போகிற நம் பிள்ளைகள் தலைப்பு கேட்டு வருவார்கள். பேசிமுடித்துக் கிளம்பும்போது தயங்கித் தயங்கி ஒன்று கேட்பார்கள்: "சாதியப் பத்தி எழுதுனா ஆய்வுன்னு ஒத்துக்குவாங்களாண்ணே?"

நான் எம்.எல். படித்தபோது என் வழிகாட்டி சொன்னது இது: "உங்க ஆளுங்க எல்லாரும் இதையே தூக்கிட்டு வர்றீங்க. பொதுவா ஏதாச்சும் எடுப்பா. கம்பெனிச் சட்டம், காப்புரிமைன்னு." எது பொது? அம்பேத்கர் 1916-ல் கொலம்பியாவில் சாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசித்தார். 1923-ல் ரூபாயின் சிக்கல் பற்றிப் புத்தகம் போட்டார். ஆசைப்பட்டவன் கம்பெனிச் சட்டம் எழுதட்டும், நல்லதுதான். விரட்டி எழுதவைக்கிற வேலைதான் ஆகாது.

என் தலைப்பு மாட்டுக்கொட்டாயிலிருந்து வந்தது. எங்க அம்மா ஒரு பண்ணை வீட்டில் சாணி அள்ளியவர். நின்றுபோன கூலியைக் கேட்ட அன்றைக்கு அந்த வீட்டுக்காரர் சாதியைச் சொல்லி வாய்க்கு வந்தபடி ஏசினார். கூட நின்றது எங்க அத்தை மட்டும்.

1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் அது 'பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில்' நடந்திருக்க வேண்டும். 2015 திருத்தம் சாதிப்பெயர் சொல்லி ஏசுவதைத் தனிக் குற்றமாக்கியது. அதிலும் இந்தச் சொற்றொடர் ஒட்டிக்கொண்டே வந்தது. 2008-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் கதவைத் திறந்தது. பொது இடம் வேறு, பொதுமக்கள் பார்வையில் படுகிற இடம் வேறு, வீட்டு வாசற்கேட்டும் பார்வையில் படுவதுதான் என்றது. கட்டடத்துக்குள் நடந்தாலும் வெளியார் இருந்தால் குற்றமே. ஆனால் அவர்கள் வெறும் உறவினரோ நண்பரோ மட்டுமாக இருக்கக் கூடாது. 2020-ல் ஹிதேஷ் வர்மா வழக்கில் நான்கு சுவருக்குள் நடந்ததென்று அந்தக் குற்றச்சாட்டு விழுந்தது. 2025 ஜனவரியில் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று. வருவாய் ஆய்வாளர் ஒருவரை அவருடைய அலுவலகத்திலேயே ஏசியதாகப் புகார். அதுவும் நான்கு சுவருக்குள் என்று ரத்தானது.

சேரியில் சொந்தமில்லாத ஆள் யாருங்க? ஒருத்தர் மாமா, ஒருத்தர் சித்தி, மீதிப்பேர் பங்காளி. பண்ணை வீட்டில் கூட வேலைசெய்கிறவர்களும் அவர்கள்தான். சொந்தமில்லாத சாட்சி வேண்டுமென்றால் ஊர்க்காரன் வரணும். அவன் வருவானா? அம்மாவிடம் இதை விளக்கினேன். "உங்க அத்தை நின்னாளேடா, அவ பார்த்தது பார்வ இல்லியா?" என்றார்.

'வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் - ஓர் ஆய்வு' என்று தலைப்பு வைக்காதீர்கள். அது பத்துப் புத்தகத்துக்கான விஷயம், இருபது பக்கத்தில் ஒன்றையும் சொல்ல விடாது. 'உறவினர் ஏன் பொதுமக்கள் இல்லை?' என்று கேளுங்கள். முதலில் வேறு யாராவது எழுதிவிட்டார்களா என்று தேடுங்கள். பிறகு நம் உயர்நீதிமன்றத் தீர்ப்புகளை எடுத்துவைத்து, எந்த இடம், யார் சாட்சி, யாரை எந்தக் காரணத்துக்காகத் தள்ளினார்கள் என்று ஒரு நோட்டில் பட்டியல் போடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் வாதம் அந்த நோட்டிலிருந்துதான் வரும்.

1953-லேயே தலிப் சிங் வழக்கில், உறவினர் என்பதற்காகவே சாட்சியைச் சந்தேகிக்கக் கூடாது, உண்மைக் குற்றவாளியை அவர் தப்பவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை எடுத்துவைத்தால் உடனே பதில் வரும்: அது சாட்சியின் நம்பகம் பற்றியது, இது குற்றத்தின் உறுப்பு பற்றியது, இரண்டையும் குழப்பாதே என்று. சரியான பதில்தான். தண்டனைச் சட்டத்தைக் குறுக்கித்தான் பொருள்கொள்ள வேண்டும் என்றும் சொல்வார்கள். இந்த இரண்டுக்கும் கட்டுரைக்குள்ளேயே முகம்கொடுத்து எழுதணும். என் கட்டுரையில் பாதிப் பக்கம் அதற்கே போயிற்று.