பழவேற்காட்டுக் கரையில் கண்டது

2025-ஆம் ஆண்டு ஜனவரியில், பொங்கல் கழிந்த சனிக்கிழமையன்று, மறைக்கல்விச் சிறுவர் இருபது பேருடன் வேப்பம்பட்டு நிலையத்தில் வண்டியேறினோம். பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி, பொன்னேரியிலிருந்து பேருந்தில் பழவேற்காட்டை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. 1515-இல் எழும்பிய மகிமை மாதா ஆலயத்தில் செபித்தபின் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். ஏரியில் பூநாரைகள் நெடுந்தொலைவில் வெண்கோடாகத் தெரிந்தன. அவற்றைக் காணவே சிறுவர் வந்திருந்தனர்.

பாலம் கடந்து கடற்கரைக்குச் சென்றோம். மணலில் கிடந்ததை முதலில் கல்லென்றே நினைத்தோம். பங்குனி ஆமை, கழுத்து வீங்கி, கண்கள் பிதுங்கியிருந்தன. சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு.

“கடலில் வாழும் ஆமை எப்படிச் சுவாமி மூழ்கிச் சாகும்?” என்றாள் ஒரு சிறுமி. நாம் விடை தேடுமுன், வலை பழுதுபார்த்த பெரியவர் சொன்னார்: “அதுக்கும் மேல வந்து மூச்சு விடணும் பாப்பா. இழுவலைக்குள்ள மாட்டினா எப்படி வரும்?”

அந்தப் பருவத்தில் தமிழகக் கரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் இவ்வாறு செத்து ஒதுங்கின. விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கலாகாது என்பது விதி. மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது. அதற்குள் ஆமைகள் முட்டையிடும் பருவம் பெரும்பாலும் முடிந்துவிடும். விதியை மீறும் படகுகள் தம் சிறு வலைகளையும் அறுத்துச் செல்வதாகப் பெரியவர் மனம் நொந்தார். ஆமையும் அவரும் ஒரே வலையில் அகப்பட்டவர்கள் என்றே நமக்குத் தோன்றிற்று.

வழி இல்லாமல் இல்லை. வலைப்பைக்கு முன்னால் கம்பிச் சட்டத்தைச் சாய்வாகப் பொருத்தி ஒரு திறப்பு விட்டால், இறால் இடுக்கில் புகுந்து பைக்குள் போகும். ஆமை முட்டி வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கேற்ப இதனை வடிவமைத்துத் தந்துள்ளது. ஆயினும் கொஞ்சம் இறாலும் அவ்வழியே தப்பும் என்று படகுக்காரர் தயங்குகின்றனர். ஆமை காக்கும் ஏற்பாடு போதாதென்று 2019-இல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்குவதை நிறுத்திற்று. நாம் நிறுத்தவில்லை, கேட்கவுமில்லை. இறைச்சி தவிர்க்கும் தவக்கால வெள்ளிகளில் மீன் தேடுகிறோமே, அந்நாட்களும் ஆமை கரையேறும் நாட்களே.

மாலையில் வேப்பம்பட்டில் இறங்கியதும் அச்சிறுமி மீன்கூடைக்காரரிடம் ஓடினாள். “அம்மா, இந்த இறால் ஆமை தப்பிக்கிற வலையில் பிடித்ததா?”

அந்த அம்மாள் நம்மைப் பார்த்துச் சிரித்தார். “இத்தனை வருசத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை சாமி. நாளைக்குக் கரையிலே விசாரிக்கிறேன்.”